மூக்குத்தியைக் கழற்றச் சொன்ன காந்தம்

சின்னம்மா மூக்குத்தியைக் கழற்றி முப்பது வருடம் இருக்கும். செந்தூல் இரயில்வே குடியிருப்பில் இருந்த காலத்தில் குத்தியது, அப்படியே மூக்கோடு ஒட்டிப்போனது. கோலாலம்பூரில் ஒரு மருத்துவ மையத்தின் சின்ன அறையில், பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒன்றில் சாய்ந்திருந்தவர், அதைக் கழற்றச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“இது தங்கம்மா. இரும்பில்ல. காந்தம் எப்படி இழுக்கும்?”

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தாதி நம் பெண்தான். “இழுக்காதும்மா. ஆனா தங்கத்துலயும் கரண்டு ஓடும். சூடாகும்.”

“கரண்டா?”

சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “காந்தம்தான் சின்னம்மா, கரண்டு இல்லை” என்று இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லி அவரை அங்கே கூட்டி வந்தவன் நான். நான் சொன்னது பாதி உண்மைதான் என்பது தாதி வாயைத் திறந்ததும் தெரிந்துபோனது. சோப்பு நுரை, கைக்குப் பூசும் கிரீம், இருபது நிமிடப் போராட்டம். கடைசியில் மூக்குத்தி ஒரு டிஷ்யூவில் சுற்றப்பட்டு என் சட்டைப் பைக்கு வந்தது.

அந்தச் சிகிச்சையின் பெயர் டிஎம்எஸ். மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டுவது. மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு உலகில் பல நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நம் நாட்டிலும் சில இடங்களில் கிடைக்கிறது. ஆனால் தமிழில் இதை விளக்கப்போனால் இரண்டு சொற்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. காந்தம் என்றால் கைவளையம், மெத்தை, தண்ணீர்ப் புட்டி என்று வீடுவீடாக வந்து விற்கப்படும் சமாச்சாரம் நினைவுக்கு வரும். கரண்டு என்றால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நினைவுக்கு வரும். முதல் சொல் இல்லாத ஆசையைக் கிளப்புகிறது, இரண்டாவது தேவையில்லாத பயத்தை. விஷயம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருப்பவர்களுக்குப் பெரிய பாடம் தேவையில்லை. கண்ணாடித் தகட்டுக்குக் கீழே ஒரு செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் வேகமாகத் திசை மாறி ஓடுகிறது. அதனால் மேலே காந்தப்புலம் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் புலம் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, பாத்திரம் சூடாகிறது. நடுவில் இருக்கும் கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது. அடுப்பிலும் இதுதான், சின்னம்மாவின் தலைக்கு மேல் இருந்த சுருளிலும் இதுதான். கண்ணாடி இருந்த இடத்தில் மண்டையோடு, பாத்திரம் இருந்த இடத்தில் மூளை. மூளை சூடாவதில்லை, அந்த அளவுக்கு மின்னோட்டம் வருவதில்லை. ஆனால் நரம்பணுக்கள் மின்சாரத்தால் பேசிக்கொள்பவை. அவற்றைத் தட்டி எழுப்ப அந்தச் சின்ன மின்னோட்டம் போதும்.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சொல் ‘மாறும்’ என்பது. அசையாமல் கிடக்கும் காந்தம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அசையாத பாத்திரத்தில் மின்னோட்டத்தை உண்டாக்காது. மெத்தைக்குள் தைத்த காந்தம் முதுகுக்குக் கீழே சும்மா படுத்திருக்கும், அவ்வளவுதான். டிஎம்எஸ் சுருளிலோ ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்து நின்றுவிடும். அந்தக் கணத்தில் காந்தப்புலம் ஒன்றரை, இரண்டு டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை ஏறி இறங்கும். எம்ஆர்ஐ இயந்திரத்தின் பலத்துக்குச் சமம், ஆனால் உள்ளங்கை அளவு இடத்தில், கண்ணிமைப்பதற்குள். சின்னம்மாவின் மகள் போன வருடம் வாங்கிக் கொடுத்த காந்த மெத்தையின் விலை எனக்குத் தெரியும். இங்கே சொன்னால் அவள் வருத்தப்படுவாள், விட்டுவிடுகிறேன்.

நேராக மின்சாரத்தையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள். 1980இல் மெர்ட்டன், மோர்ட்டன் என்ற இருவர் தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் காட்டினார்கள். கை அசைந்தது, ஆனால் வலி உயிர் போனது. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. உள்ளே போகாத மின்சாரம் தலைத்தோலின் நரம்புகளையும் தசைகளையும் சுண்டி இழுத்தது. காந்தப்புலத்துக்கு மண்டையோடு ஒரு பொருட்டே இல்லை. 1896இலேயே பிரான்சில் தார்சோன்வால் என்பவர் பெரிய சுருளுக்குள் தலையை நுழைத்து, கண்ணுக்குள் ஒளி மின்னுவதைப் பார்த்திருக்கிறார். ஆனால் மூளையைக் குறிபார்த்துத் தட்டும் கருவி 1985இல்தான் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவும் தலைக்கு மேல் சுருளை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். கை துள்ளியது, வலி இல்லை. அன்று அதை யாரும் சிகிச்சை என்று நினைக்கவில்லை. மூளையிலிருந்து கைக்குச் செய்தி போகும் பாதை ஒழுங்காக இருக்கிறதா என்று அளக்கும் கருவியாகத்தான் நினைத்தார்கள். அந்தப் பயணத்துக்குச் சுமார் 20 மில்லி விநாடி ஆகும். தாமதமானால் வழியில் எங்கோ கோளாறு. இன்றும் நரம்பியல் பிரிவுகளில் இந்தச் சோதனைக்கு வேலை இருக்கிறது.

பார்க்கர் பார்த்த அந்தத் துள்ளலை நானும் பார்த்தேன். முதல் நாள் சிகிச்சையே கிடையாது, அளவெடுப்பதுதான். எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்ட மாதிரி இருந்த சுருளைச் சின்னம்மாவின் தலையின் இடது பக்கம் வைத்து, தாதி ஒவ்வொரு தட்டாகத் தட்டினார். ‘டக்’. ஒன்றும் இல்லை. அரை விரற்கடை நகர்த்தினார். ‘டக்’. ஒன்றும் இல்லை. ஏழெட்டு முறை இப்படி. திடீரென்று மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் மட்டும் எகிறியது.

“ஐயோ, யாரு என் விரல ஆட்டுறா?”

மறுபடி ‘டக்’. மறுபடி எகிறல். சின்னம்மா தன் விரலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாமி வர்ற மாதிரி இருக்கு. விரலுக்கு மட்டும் வருது.” பல மாதங்களுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பத்துத் தட்டில் ஐந்து தட்டுக்காவது விரல் துள்ளும் குறைந்தபட்ச பலம் எதுவோ, அதுதான் அந்த ஆளுக்கான அளவுகோல். ஒருவருக்கு மண்டையோடு தடிமனாக இருக்கும், இன்னொருவருக்கு மூளை சற்று உள்தள்ளி இருக்கும், அதனால் ஊருக்கெல்லாம் ஒரே அளவு கிடையாது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் அந்த அளவில் 120 விழுக்காடு பலத்தைக் கொடுக்கிறார்கள். இடமும் விரலை வைத்துத்தான் குறிக்கப்பட்டது. விரல் துள்ளிய புள்ளியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் முன்னால் என்பது பழைய கணக்கு. எல்லாத் தலையும் ஒரே அளவில்லை என்பதால் இப்போது தலையை நாடாவால் அளந்தோ, எம்ஆர்ஐ படத்தை வைத்தோ குறிக்கிறார்கள். மற்ற மருத்துவங்களில் மருந்தை விழுங்கினால் அது தானே போய்ச் சேரும். இதில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் வேறு இடத்தைத் தட்டிக்கொண்டிருப்போம்.

அந்த முன்பக்க இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நெற்றிக்குப் பின்னால் இடது பக்கம் இருக்கும் அந்தப் பகுதி திட்டமிடுவது, கவனத்தைத் திருப்புவது, ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது போன்ற வேலைகளில் சேர்ந்திருப்பது. மனச்சோர்வு வந்தவர்கள் பலருக்கு அது மந்தமாக இருப்பதைப் பட ஆய்வுகள் காட்டின. கூடவே, மூளையின் நடுப்பகுதியில் ஆழத்தில் வேறொரு இடம் அளவுக்கு மீறி வேலை செய்வதும் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால் எட்டு வடிவச் சுருளின் வீச்சு மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். ஆழத்துக்குப் போகாது. செந்தூலில் வளர்ந்த எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. தண்டவாளத்தில் காதை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வரும் ரயில் கேட்கும். இங்கே தட்டினால் அங்கே கேட்கும். மூளையிலும் அப்படித்தான். எட்டாத ஆழத்தோடு இணைப்பு உள்ள மேற்பரப்பைத் தட்டினால், அந்த இணைப்பின் வழியாக ஆழம் மாறுகிறது. இந்த இணைப்பு வலுவாக உள்ள புள்ளியைத் தட்டினால் பலன் கூடுகிறது என்று 2012க்குப் பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

அடுத்தது தாளம். உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கருவி ஒன்றுதான், அடிக்கும் வேகம் மாறினால் கூட்டத்தின் குணமே மாறும். விநாடிக்கு ஒரு தட்டு என்று மெதுவாகப் போனால் அந்த மூளைப் பகுதி அடங்குகிறது. விநாடிக்கு ஐந்து, பத்து என்று போனால் கிளர்ந்தெழுகிறது. ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி ஆவதும் உண்டு, ஆனால் பொதுவிதி இதுதான். அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்ற முறையில், விநாடிக்கு 10 வீதம் நான்கு விநாடி தட்டு, 26 விநாடி ஓய்வு. இப்படி 75 சுற்று. மொத்தம் 3,000 தட்டு, முப்பத்தேழரை நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம்.

2005இல் லண்டனில் வேறொரு தாளம் பிறந்தது. மூன்று மூன்று தட்டாகக் கொத்துக் கொத்தாக, விநாடிக்கு ஐந்து கொத்து. இரண்டு விநாடி அடி, எட்டு விநாடி ஓய்வு. மூளையே சில வேலைகளின்போது பயன்படுத்தும் இயல்பான தாளத்தைப் பார்த்துச் செய்தது. 600 தட்டு, மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். முப்பத்தேழரை நிமிடத்தையும் இந்த மூன்று நிமிடத்தையும் கனடாவில் 414 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னம்மாவுக்குக் கொடுத்தது இந்தக் குறுகிய முறை. மூன்று நிமிட வேலைக்குச் செந்தூலிலிருந்து வந்து, நெரிசலில் நின்று, காடி நிறுத்த இடம் தேடி, மொத்தம் இரண்டு மணி நேரம். அப்புறம் பார்க்கிங் கட்டணம் வேறு.

சரி, பலன் எவ்வளவு? விளம்பரங்களில் வரும் எண்ணுக்கும் ஆய்வில் வரும் எண்ணுக்கும் இங்கேதான் இடைவெளி.

முதலில் மருந்தின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடந்து 2006இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே நோய்க்குறிகள் நீங்கியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். இரண்டு மருந்து பலிக்காமல் மூன்றாவதுக்குப் போனவர்களில் அது 14 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. டிஎம்எஸ் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஆக, எளிதில் தேறக்கூடியவர்கள் ஏற்கெனவே தேறிப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள்.

2010இல் வெளியான ஓர் ஆய்வில் 190 பேர். பாதிப் பேருக்கு உண்மையான தூண்டல், மீதிப் பேருக்கு ‘டக் டக்’ சத்தமும் தலைத்தோலில் குத்தலும் மட்டும் கொடுக்கும் போலிச் சுருள். வேறு மருந்து கிடையாது. மூன்று வாரத்தில் முழுதாகத் தேறியவர்கள் உண்மைப் பக்கத்தில் 14 விழுக்காடு, போலிப் பக்கத்தில் 5 விழுக்காடு. சின்ன எண்தான், ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிறகு 2012இல், போலி எதுவும் இல்லாமல், நிஜ மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 307 பேரைக் கணக்கெடுத்தபோது, மருத்துவர்களின் மதிப்பீட்டில் 58 விழுக்காட்டினர் கணிசமாக முன்னேறியிருந்தார்கள், 37 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். சிகிச்சை மையங்களின் கையேடுகளில் இந்த இரண்டாவது வகை எண்தான் அச்சாகும். பொய்யில்லை. ஆனால் அதற்குள் மருந்தும் சேர்ந்திருக்கிறது, கூடுதல் வாரங்களும் சேர்ந்திருக்கின்றன, நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சித்தப்பா போனதிலிருந்து ஒன்றரை வருடம் வாசற்படி தாண்டாத ஒருவர், வாரத்துக்கு ஐந்து நாள் குளித்து, சேலை கட்டி, வெளியே கிளம்புகிறார். போன இடத்தில் ஒரு பெண், “பசியாறிட்டீங்களாம்மா, ராத்திரி தூங்கினீங்களா?” என்று கேட்கிறாள். சொன்ன பதிலை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதை ஒட்டியே கேட்கிறாள். இதுவும் சிகிச்சைதான். போலிச் சுருள் குழுவிலும் சிலர் தேறுகிறார்கள் என்றால் அதில் அதிசயம் என்ன? அதனால் காந்தம் வேலை செய்யவில்லை என்று ஆகாது. எல்லாப் பெருமையும் காந்தத்துக்கே போகக்கூடாது என்றுதான் ஆகும்.

கரண்டு பயத்துக்கு வருவோம். 1911இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரை வைத்து இந்த நாட்டில் மூன்று தலைமுறை கேலி பேசியிருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்ட படம்தான் ஆளைக் கட்டிவைத்து ஷாக் கொடுப்பது. மின் அதிர்ச்சிச் சிகிச்சை 1938இல் ரோமில் தொடங்கியது. இன்று அதை மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தித்தான் செய்கிறார்கள். அதன் நோக்கமே மூளையில் கட்டுப்பாடான ஒரு வலிப்பை வரவழைப்பது. டிஎம்எஸ்ஸில் வலிப்பு வந்தால் அது விபத்து. மயக்கம் கிடையாது, ஞாபகம் போகாது, முடிந்ததும் தானே காடி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் இதைச் சொல்லும்போது பழைய சிகிச்சையை மட்டம் தட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டையே நிறுத்திவிட்டவர், காதில் குரல் கேட்கிறது என்பவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்தில் இருப்பவர் என்று மிகக் கடுமையான நிலைகளில் மின் அதிர்ச்சிதான் இன்றும் கை கொடுக்கிறது. அங்கே டிஎம்எஸ்ஸுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது தவறாகப் போய்விடலாம்.

விபத்து என்று சொன்ன அந்த வலிப்பு எத்தனை பேருக்கு வரும்? ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. தூக்கமில்லாமை, மது, சில மருந்துகள் அந்த ஆபத்தைக் கூட்டும். தைப்பூசத்தையொட்டிய ஊர்வல இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து ரதத்தோடு பத்துமலை வரை கண்விழித்து நடந்துவிட்டு, மறுநாள் போய் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது. சொல்லாமல் மறைத்துவிட்டும் உட்காரக்கூடாது. தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி, மூளைக்குள் மின்முனை இருப்பவர்களுக்கு இது ஆகாது. காரணம் மூக்குத்திக்குச் சொன்னதேதான், அதோடு சில உலோகங்கள் அசையவும் கூடும். பல்லில் அடைத்த சிமெண்டு பிரச்சினையில்லை. மற்றபடி தலைவலி, சுருள் பட்ட இடத்தில் வலி. முதல் வாரம் சின்னம்மா பனடோல் போட்டார், அப்புறம் கேட்கவில்லை. சத்தம் மரங்கொத்தி காதுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், காதடைப்பான் கொடுத்துவிடுவார்கள்.

மனநலத்தைத் தாண்டினால் நம் சமூகம் அதிகம் கேட்கும் கேள்வி பக்கவாதத்தைப் பற்றியது. கேட்க வேண்டியதுதான். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, எந்த இனத்தையும்விட அதிகம். பக்கவாதம் அதன் அடுத்த வீட்டுக்காரன்.

மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே சமநிலையில் இருப்பவை. பக்கவாதத்தில் ஒரு பாதி அடிபட்டால், நல்ல பாதியைத் தட்டிக் கேட்க ஆளில்லை. அது அடிபட்டதை இன்னும் அமுக்குகிறது. ஒரு சொத்துத் தகராறு மாதிரிதான். அதனால் நல்ல பக்கத்தில் விநாடிக்கு ஒரு தட்டு என்ற மெதுவான தாளத்தைக் கொடுத்து அதை அடக்கினால், அடிபட்ட பக்கம் தலைதூக்கும் என்பது யோசனை. அழகான யோசனை. பல சிறிய ஆய்வுகள் கை அசைவு கூடுவதைக் காட்டின. ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதம் வந்து ஆரம்ப நாட்கள் கழிந்து, இன்னும் சில மாதங்களே ஆனவர்களின் கைக்கு இதை மிக உறுதியான சான்றுள்ள பயன்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் 2018இல் வெளியான, 199 பேரைச் சேர்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிக் கைப்பயிற்சி கொடுத்து, ஒரு குழுவுக்கு உண்மைத் தூண்டலும் மற்றதற்குப் போலித் தூண்டலும் கொடுத்தபோது, இரண்டிலுமே மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினார்கள். வித்தியாசமே இல்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாவது கடந்திருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: கையை மீட்டுத் தருவது பயிற்சி. தூண்டல் சரியான காலத்தில் வந்தால் பயிற்சிக்குத் தோள் கொடுக்கலாம். பயிற்சியை விட்டுவிட்டுத் தூண்டலுக்கு மட்டும் பணம் கட்டுவது, உரத்தை வாங்கி வைத்துவிட்டு விதை போடாமல் இருப்பது.

மற்றவற்றில் சிலவற்றுக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. பார்வையில் மின்னல் கோடுகள் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலிக்குப் பின்மண்டையில் வைத்து ஓரிரு தட்டு தட்டும் கைக்கருவி உண்டு. 2010இல் வெளியான ஆய்வில் இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கியவர்கள் 39 விழுக்காடு, போலியில் 22. நரம்பு அடிபட்டு வரும் நாள்பட்ட வலிக்கும் சான்று வலுவானது. கை கழுவிக்கொண்டே இருப்பது, கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழல் நோய்க்கு, ஆழமாகப் போகும் வேறு வடிவச் சுருளுக்கு 2018இலும், புகைப்பழக்கத்தை விடுவதற்கு 2020இலும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பார்க்கின்சன், காதிரைச்சல், ஞாபக மறதி நோய் ஆகியவற்றில் ஆய்வு நடக்கிறது, நம்பிச் செலவு செய்யும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆட்டிசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவரின் மகனுக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. ஒரு மையத்திலிருந்து அவருக்கு வந்த தொலைபேசி அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டேன். குழந்தையைப் பார்க்காமலே நாற்பது தடவைக்கான தொகுப்பு விலையைச் சொன்னார்கள், இந்த மாதம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். எந்தப் பகுதியைத் தூண்டுவீர்கள் என்று நண்பர் கேட்டார். “மூளை முழுக்க சார்” என்று பதில் வந்தது. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்கு டிஎம்எஸ் பலன் தருகிறது என்று காட்டும் உறுதியான சான்று இன்றைக்கு இல்லை. ‘மூளை முழுக்க’ என்று ஒரு தூண்டலும் இல்லை. எந்த இடம், எந்தத் தாளம், என்ன பலம் என்ற மூன்றும் இல்லாமல் இந்தச் சிகிச்சையே கிடையாது. கட்டைவிரலைத் தேடாத இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள் என்று நண்பரிடம் சொன்னேன். சற்று மிகைதான், ஒற்றைத் தலைவலிக் கருவிக்கு விரல் தேட வேண்டியதில்லை. இருந்தாலும் அவருக்கு அன்று அது போதுமானதாக இருந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. சிகிச்சையை முடிவு செய்வது மனநல மருத்துவரா, விற்பனைப் பிரதிநிதியா? இந்தச் சாதனம் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறதா, எந்தப் பயன்பாட்டுக்காக? வலிப்பு வந்தால் கவனிக்க ஆள் உண்டா? பத்துத் தடவைக்குப் பிறகு எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் மற்றவற்றுக்கும் சொல்வார்கள்.

செலவுதான் பெரிய சுவர். ஒரு முழுச் சுற்று ஆயிரக்கணக்கான ரிங்கிட். எங்கள் குடும்பக் காப்பீட்டில் இது சேரவில்லை, பிள்ளைகள் மூவரும் பிரித்துக்கொண்டார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்தும் ஆலோசனையும் சில ரிங்கிட்டில் கிடைத்துவிடும். ஒழுங்காக இரண்டு மருந்தாவது, போதுமான அளவில், போதுமான வாரங்கள் எடுத்துப் பார்க்காமல் நேராக இங்கே ஓடி வருவதில் அர்த்தமில்லை. 2019இல் நம் நாட்டுப் பெரியவர்களில் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023 ஆய்வில் 4.6 விழுக்காடு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். இவர்களில் பலர் இன்னும் முதல் மருந்துக்கே போய்ச் சேரவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயம் வேறு. சின்னம்மாவைக்கூட முதலில் கூட்டிப்போனது சாமி பார்க்கும் ஓர் அம்மாவிடம்தான். செய்வினை என்றார். அதில் எட்டு மாதம் போனது.

வேகமாக முடிக்கும் முறைகளும் வருகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில், ஒரு நாளைக்குப் பத்து தடவை, நடுவில் ஐம்பது நிமிட இடைவெளி, ஐந்தே நாள். எம்ஆர்ஐயை வைத்து ஒவ்வொருவருக்கும் தனியாக இடம் குறிக்கிறார்கள். 2022இல் வெளியான ஆய்வில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர் நான்கு வாரத்துக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் தேறியிருந்தார்கள், போலியில் 13 விழுக்காடு. பிரமிக்க வைக்கும் எண். ஆய்வில் இருந்தது மொத்தம் 29 பேர். அதே ஆண்டு அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. பெரிய ஆய்வுகள் வரும்வரை நான் என் பிரமிப்பைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டாவது தடவையோ பத்தொன்பதாவதோ, வீட்டுக்கு வரும் வழியில் மதியம் வைத்த மீன் குழம்பைப் பற்றி, “புளி ஜாஸ்தி, யார் கரைச்சது?” என்றார். ஒன்றரை வருடமாகத் தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்க்காதவர். முப்பது தடவை முடிந்தபோது மனச்சோர்வை அளக்க மருத்துவர் போடும் மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. முழுதாகத் தேறவில்லை. காலையில் எழுவது இன்னும் கஷ்டம், மருந்தும் தொடர்கிறது. எட்டு மாதம் கழித்துப் பழைய மௌனம் மெல்லத் திரும்பியது. இது பலருக்கும் நடப்பதுதான் என்றார் மருத்துவர், ஒரு சின்னச் சுற்று மறுபடியும் கொடுக்கலாம் என்றார்.

இந்த முறை நான் எதையும் விளக்கவில்லை. காடியில் ஏறும்போது பார்த்தேன், மூக்கில் ஒரு சின்னக் கரும்புள்ளி மட்டும் இருந்தது. மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி, சாமி மேடையில் குங்குமச் சிமிழுக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார்.